தக்காளியும் மிளகாயும் ஒரே ட்ரேல போடாதீங்க: நல்ல நாத்து வளக்குறது எப்படி

முதல் தடவை நாத்து விட்டப்ப 98 குழி ட்ரே ஒன்னு வாங்கி பாதி தக்காளி, பாதி மிளகான்னு போட்டேன். மேல பாலிதீன் கவர் சுத்தி மூடி வச்சேன். தக்காளி 5ஆம் நாளே முட்டிக்கிட்டு வந்துருச்சு, மிளகா பக்கம் ஒன்னையும் காணோம், சரி அதுவும் வரட்டும்னு இன்னும் 4 நாள் மூடியே விட்டுட்டேன். தொறந்து பாத்தா தக்காளி எல்லாம் வெளுத்துப் போய், நூல் மாதிரி ஒரு விரல் நீளத்துக்கு நீண்டு சாஞ்சு கெடக்கு. அடுத்த ரெண்டு நாள்ல தண்டோட அடி தண்ணி கோத்த மாதிரி ஆகி ஒன்னொன்னா படுத்துருச்சு. மிளகா அதுக்கு அப்பறம் மெதுவா எட்டிப் பாத்துச்சு, அந்த அழுகல் அதுக்கும் ஒட்டிக்கிட்டு ட்ரே முழுக்க போச்சு.

அதுல நான் கத்துக்கிட்டது இதுதான், தக்காளியும் மிளகாயும் ஒரே குடும்பம், கத்திரிக்கா கூட அதே குடும்பந்தான், ஆனா ரெண்டுக்கும் வேகம் வேற. தக்காளி 5ல இருந்து 8 நாள்ல முளைக்கும், 25 நாள்ல நடுற அளவுக்கு வந்துரும். மிளகா நல்ல வெதுவெதுப்பா இருந்தா 8, 10 நாள், குளிர்னா 15 நாளைக்கு மேலயும் ஆகும், நடுறதுக்கு 35ல இருந்து 40 நாள் வேணும். குடைமிளகாவும் இதே மாதிரி நிதானந்தான். ரெண்டையும் ஒரே நாள் விதைச்சு ஒரே நாள் நடணும்னு நெனச்சா ஒன்னு தக்காளி முத்திப் போயிரும், இல்ல மிளகா பிஞ்சா போய் தொட்டில உக்காரும்.

அதனால நடுற நாளை முதல்ல முடிவு பண்ணிட்டு அங்க இருந்து பின்னாடி எண்ணிக்கிட்டு வாங்க. நான் மதுரைல இருக்கேன், ஆடி 18 அன்னைக்கு நடுறதுன்னு வச்சிக்குவேன், அது ஆகஸ்ட் 2, 3 வாக்குல வரும். அப்ப மிளகா விதை ஜூன் 23, 24 வாக்குல ட்ரேக்குள்ள போயிரணும், தக்காளி ஜூலை 8, 9 போதும். இன்னொரு தடவை தைல நடுறதுக்கு மிளகாவ கார்த்திகை கடைசிலயும் தக்காளிய மார்கழிலயும் விடுவேன். ஐப்பசி மழைக்குள்ள மொட்ட மாடில நாத்து விடுறத நான் விட்டுட்டேன், ஷீட் போட்ட இடம் இருந்தா பண்ணுங்க, இல்லன்னா வேண்டாம். கோடைலயும் யோசிச்சுக்கோங்க, ராத்திரி சூடு எறங்காம இருந்தா தக்காளி பூக்கும் ஆனா பிஞ்சு நிக்காது, சித்திரைல பூ வர்ற மாதிரி கணக்கு போட்டுறாதீங்க. குடைமிளகா இன்னும் மோசம், ஓசூர், கொடைக்கானல் மாதிரி குளுமையான ஊர்ல சந்தோஷமா இருக்கும், மதுரை வெயில்ல அதுக்கு முழு நேரமும் நிழல்வலை கட்டிக் குடுத்தா கூட குளிர் மாசத்துல மட்டுந்தான் ஏதோ காய்க்கும்.

விதை எங்க வாங்குறதுன்னு எல்லாரும் கேப்பாங்க. நாட்டு ரகம் இல்லன்னா பல்கலைக்கழக ரகம் வேணும்னா தக்காளில பெரியகுளத்துல இருந்து வந்த பிகேஎம் 1 இருக்கு, காம்புப் பக்கம் பச்சை தோள் போட்டு தட்டையா உருண்டையா இருக்கும், புளிப்பு நல்லா இருக்கும், ரசத்துக்கு அதான் எனக்குப் பிடிக்கும். மிளகால கோவில்பட்டில இருந்து வந்த கே 1, கே 2 இருக்கு, ராமநாதபுரத்து முண்டு இருக்கு, அதுக்கு 2023ல புவிசார் குறியீடும் கெடச்சிருக்கு. இலை சுருட்டு வைரஸ் உங்க ஏரியால ரொம்ப அடிக்குதுன்னா பெங்களூரு ஐஐஹெச்ஆர்ங்கற தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் கொண்டு வந்த அர்கா ரக்ஷக் மாதிரி தாங்குற ஹைபிரிட் எடுத்துக்கோங்க, ஆனா ஹைபிரிட்ல இருந்து விதை எடுத்து அடுத்த வருஷம் போட்டா அதே காய் வராது, ஒவ்வொன்னும் ஒரு மாதிரி வரும்.

சொந்த விதைன்னா தக்காளிய நல்லா பழுக்க விட்டு, சாறோட விதைய ஒரு டம்ளர்ல பிழிஞ்சு ரெண்டு நாள் புளிக்க விடுங்க. விதைய சுத்தி வழவழன்னு ஒரு சவ்வு இருக்குல்ல, அது பழத்துக்குள்ளயே முளைச்சிரக் கூடாதுன்னு தடுக்குறதுக்காகத்தான் இருக்கு, புளிச்சா அது கழண்டுரும். மேல மிதக்குறத ஊத்திட்டு அடில தங்குனத கழுவி நிழல்ல காய வைங்க, துணில போடாதீங்க ஒட்டிக்கும், தட்டுல போடுங்க. மிளகாக்கு நல்லா செவந்த பழத்த நிழல்ல காய வச்சு விதை எடுக்கணும். மளிகைக் கடை வத்தல்ல இருந்து எடுத்தா சில நேரம் வரும் சில நேரம் வரவே வராது, அது எவ்வளவு நாளா மூட்டைல கெடந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்.

விதை நேர்த்தி பண்ணாம போடாதீங்க. விவசாயப் பல்கலைக்கழகம் சொல்ற அளவு ஒரு கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடிங்கற நல்ல பூஞ்சை 4 கிராம், இல்லன்னா சூடோமோனாஸ்ங்கற நல்ல பாக்டீரியா 10 கிராம். நமக்கு ஒரு கிராம் விதை இருந்தாலே பெரிசு, தக்காளில ஒரு கிராம்ல 300 விதை பக்கம் இருக்கும், அதனால ஒரு சிட்டிகை சூடோமோனாஸ எடுத்து நாலு சொட்டு தண்ணி விட்டு விதைல பெரட்டி அரை மணி நேரம் நிழல்ல வச்சா போதும். கம்பெனி பாக்கெட்ல விதை ஏற்கனவே சாயம் பூசி செவப்பா பச்சையா வந்திருந்தா அது மருந்து ஏத்துன விதை, அதுக்கு மேல இது வேண்டாம், கையோட தொடாம ஸ்பூன்ல எடுங்க. மிளகா விதைய மட்டும் வெதுவெதுப்பான தண்ணில ஒரு ராத்திரி ஊறப்போட்டா ரெண்டு மூணு நாள் முன்னாடி முளைக்கும், தக்காளிக்கு அது தேவையில்ல.

இப்ப மண்ணு. நாத்துக்கு தோட்டத்து மண்ணு வேண்டாம், இறுகிப் போகும், அழுகல் நோய்க்கான பூஞ்சை அதுக்குள்ளயே இருக்கும். கோகோபீட், அதாவது தென்னை நார்க் கழிவுக் கட்டி, 5 கிலோ வாங்குனா ஊறி 60, 70 லிட்டர் வரைக்கும் வரும், சின்னத் தோட்டத்துக்கு அது ஒரு வருஷத்துக்கு ஆகும். ஆனா வாங்குனத அப்படியே போட்டுறக் கூடாது, தென்னை நார்க் கழிவுல உப்பு இருக்கும், தண்ணில ஊறப்போட்டு பிழிஞ்சு, அந்த காப்பித் தண்ணி கலர் வெளுக்குற வரைக்கும் மூணு நாலு தடவை மாத்துங்க. கழுவாத பீட்ல முளைச்ச நாத்து இலை ஓரம் கருகி அப்படியே நிக்கும், நாம தண்ணி பத்தலன்னு நெனச்சு இன்னும் ஊத்துவோம். கழுவுன பீட் மூணு பங்கு, சலிச்ச மண்புழு உரம் ஒரு பங்கு, ஒரு ட்ரேக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு, கொஞ்சம் டிரைக்கோடெர்மா, இத கலந்து ஈரமாக்கி ஒரு வாரம் மூடி வச்சிட்டு எடுப்பேன். பிண்ணாக்கு புதுசா போட்டு அன்னைக்கே விதைச்சா அது சூடாகி பூசணம் பிடிக்கும், அந்த ஒரு வாரத்த விட்டுறாதீங்க.

ட்ரே விஷயத்துல தக்காளிக்கு 98 குழி சரியா இருக்கும், 25 நாள் தானே. மிளகா 40 நாள் உக்காரணும், அதுக்கு 50 குழி ட்ரே நல்லது, இல்லன்னா பேப்பர் டீ கப்புல அடில மூணு ஓட்டை போட்டு அதுல ஒவ்வொன்னா போடுங்க. பழைய ட்ரேன்னா சோப்பு தண்ணில தேச்சுக் கழுவி ஒரு நாள் முழுக்க வெயில்ல காய வச்சு அப்பறம் எடுங்க.

கலவைய கைல எடுத்து அழுத்துனா உருண்டை நிக்கணும், விரல் இடுக்குல தண்ணி சொட்டக் கூடாது, அதான் பதம். குழில நெரப்பி விரலால லேசா அமுக்கி அரை சென்டிமீட்டர் பள்ளம், ஒரு குழிக்கு ஒரு விதை, மேல கொஞ்சம் பீட் தூவி மூடுங்க. ரொம்ப மேலோட்டமா போட்டா என்ன ஆகும்னா விதைத் தோல் மண்ணுல உரசிக் கழறாம தொப்பி மாதிரி வித்திலைய, அதாவது முதல்ல வர்ற ரெண்டு இலைய, பிடிச்சிக்கிட்டே வெளிய வரும், உள்ள இலை விரிய முடியாம அப்படியே நிக்கும். அப்படி வந்தா பிச்சு இழுக்காதீங்க, அது மேல ஒரு சொட்டு தண்ணி வச்சு ஒரு மணி நேரம் ஊற விட்டு நகத்தால மெதுவா தள்ளுங்க, கழண்டுரும்.

விதைச்ச ட்ரேகள ஒன்னு மேல ஒன்னா அடுக்கி பாலிதீன் போட்டு மூடி வைப்பாங்க, நாத்துப் பண்ணைலயும் அப்படித்தான் ஒரு 6 நாள் வைப்பாங்க. தக்காளி ட்ரேய 4ஆம் நாள்ல இருந்து காலைல ஒரு தடவை சாயங்காலம் ஒரு தடவை தொறந்து பாருங்க, நாலு முளை வளைஞ்ச கொக்கி மாதிரி தெரிஞ்சா அன்னைக்கே கவர எடுத்து வெளிச்சத்துல வச்சிருங்க, மீதி வரட்டும்னு காத்திருக்காதீங்க, மீதி வெளிலயும் வரும். ஒரு நாள் இருட்டுல இருந்தாலே தண்டு நீண்டுரும், நீண்ட தண்ட திரும்பக் குட்டையாக்க முடியாது. மார்கழில மிளகா முளைக்க அடம்பிடிச்சா ட்ரேய ஃப்ரிட்ஜ் மேல வைங்க, அந்த லேசான சூடு போதும். 15 நாள் ஆனாலும் தோண்டித் தோண்டிப் பாக்காதீங்க, வேர் விட ஆரம்பிச்ச விதைய நாமளே ஒடிச்சிருவோம்.

முளைச்சதுக்கு அப்பறம் முதல் வாரம் காலை வெயில் ரெண்டு மூணு மணி நேரம், மீதி நேரம் 50 சதவீத நிழல்வலைக்கு அடில. ஜன்னல் ஓரத்துல வச்சா போதும்னு நெனைக்காதீங்க, நம்ம கண்ணுக்கு அது வெளிச்சமா தெரியும் ஆனா நாத்து ஒரு பக்கமா சாஞ்சு சாஞ்சு வளரும். வெளிச்சம் மட்டும் இல்ல, காத்தும் வேணும், மெதுவான காத்துல ஆடுற நாத்துக்குத்தான் தண்டு கெட்டியாகும். நான் காலைல போகும்போது உள்ளங்கையால நாத்து தலைய லேசா தடவிக்கிட்டே போவேன், பத்து தடவை இந்தப் பக்கம் பத்து தடவை அந்தப் பக்கம், காத்து அடைச்ச இடத்துல வச்சிருக்கவங்க இத பண்ணிப் பாருங்க, பத்து நாள்ல வித்தியாசம் தெரியும்.

ஆனா அதுக்கு முன்னாடி கைய சோப்பு போட்டுக் கழுவணும். வெத்தல பாக்கோட புகையிலை போடுறவங்க, சிகரெட் பீடி குடிக்கிறவங்க வீட்ல இருந்தா அவங்க கழுவாத கையோட நாத்த தொட விடாதீங்க. புகையிலைல இருக்குற தேமல் வைரஸ் காஞ்ச இலைலயும் உயிரோட இருக்கும், தக்காளிக்கும் மிளகாக்கும் கை வழியாவே போயிரும், வந்துட்டா மருந்து கெடயாது.

தண்ணி பத்தி கொஞ்சம் நின்னு சொல்லணும், ஏன்னா வாடிச் செத்த நாத்த விட அழுகிச் செத்த நாத்துதான் நான் அதிகம் பாத்திருக்கேன். ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு நாத்துப் பண்ணைல வேலை பாத்த பெரியவர் ஒருத்தர் எனக்கு ஒரு வழி காட்டுனாரு. தண்ணி ஊத்துனதும் ட்ரேய ஒரு தடவை தூக்கிப் பாருங்க தம்பி, அடுத்த நாள் காலைல திரும்ப தூக்குங்க, பாதி கனம் கொறஞ்சிருந்தா ஊத்துங்க, இல்லன்னா கைய கட்டிக்கிட்டு நில்லுங்கன்னாரு. நாலு நாள் தூக்கிப் பாத்தா கை பழகிரும். மேல காஞ்ச மாதிரி வெளிறி இருக்கும், ஆனா உள்ள ஈரம் இருக்கும், கண்ண நம்பாதீங்க கனத்த நம்புங்க. காலைலதான் ஊத்தணும், பூவாளில மெதுவா, இல்லன்னா ட்ரேய ஒரு தாம்பாளத்துல தண்ணி வச்சு 10 நிமிஷம் உக்கார வச்சு எடுத்துருங்க. சாயங்காலம் இலை மேல தண்ணி ஊத்தி ராத்திரி முழுக்க ஈரமா நின்னா அழுகலுக்கு நாமளே வழி விட்ட மாதிரி. போர் தண்ணி உப்பா இருந்து ட்ரே மேல வெள்ளையா படிஞ்சா மழைத்தண்ணி இல்லன்னா குடிதண்ணி குடுங்க, இந்த ஒரு மாசத்துக்கு எவ்வளவு ஆயிரப் போகுது.

நாத்தழுகல் எப்படி வரும்னு ஒரு தடவை கிட்ட உக்காந்து பாத்துக்கோங்க, அப்பறம் மறக்காது. மண்ணு மட்டத்துல தண்டு ஒரு இடத்துல மட்டும் கண்ணாடி மாதிரி ஊறிப் போகும், அப்பறம் அந்த இடம் சுருங்கி நூலாகும், மேல இலை அப்பவும் பச்சையா நல்லாத்தான் இருக்கும், தொட்டா அப்படியே மடங்கி விழும். இது பித்தியம்ங்கற பூஞ்சை, ஈரத்துலதான் ஓடும், ஒரு மூலைல ஆரம்பிச்சு வட்டமா பரவும். விழுந்தத காப்பாத்த முடியாது, அந்தக் குழிகள மண்ணோட எடுத்து தூரப் போட்டுட்டு தண்ணிய நிறுத்தி காத்து படுற இடத்துக்கு மாத்துங்க, மீதிக்கு சூடோமோனாஸ் லிட்டருக்கு 5 கிராம் கலந்து அடில ஊத்துங்க. ரொம்ப மிஞ்சிப் போச்சுன்னா காப்பர் ஆக்ஸிகுளோரைடுங்கற பூஞ்சை மருந்து லிட்டருக்கு 2.5 கிராம், ஆனா ரெண்டையும் ஒன்னா ஊத்தாதீங்க, காப்பர் அந்த நல்ல பாக்டீரியாவையும் சேத்துக் கொன்னுரும்.

சாப்பாடு அவசரம் இல்ல. முதல்ல வர்ற ரெண்டு இலை வித்திலை, விதைக்குள்ள இருக்குற சத்துலயே அது ஓடும். தக்காளில ஓரம் வெட்டுன மாதிரி நிஜ இலை வந்து ரெண்டு ஜோடி ஆனதும் ஆரம்பிங்க. பண்ணைல விதைச்ச 18ஆம் நாள் தழை, மணி, சாம்பல் சத்து மூணும் சமமா இருக்குற 19:19:19 உரத்த லிட்டருக்கு 5 கிராம் கலந்து ஊத்துவாங்க, மண்புழு உரம் கலந்திருக்கறதால நான் 2 கிராம் மட்டும் வாரம் ஒரு தடவை குடுப்பேன். ஆர்கானிக்கா வேணும்னா பஞ்சகவ்யா லிட்டருக்கு 10 மில்லி. இலை வெளிறி மஞ்சளா இருந்தா பசி, கரும்பச்சையா பளபளன்னு கொழுத்து இருந்தா அதிகம், அந்த மாதிரி கொழுத்த இளசத் தேடித்தான் அசுவினியும் பேனும் வரும்.

பூச்சில எனக்கு ரொம்ப பயம் வெள்ளை ஈதான். அது சாறு குடிக்கிறது கூட பெரிசு இல்ல, இலை சுருட்டு வைரஸ நாத்துலயே ஏத்திட்டுப் போயிரும், நாத்து அப்ப நல்லாத்தான் தெரியும், தொட்டிக்கு மாத்தி மூணு வாரம் கழிச்சு குருத்து சுருண்டு செடி குட்டையா நின்னுரும், அப்பறம் என்ன அடிச்சும் வராது. கொசுவலை போட்டு மூடுனா போதும்னு சிலர் சொல்றாங்க, அந்த ஓட்டைல வெள்ளை ஈ தாராளமா நுழையும், 40 மெஷ் இல்லன்னா 50 மெஷ், அதாவது ஒரு இஞ்சுக்கு 40, 50 ஓட்டை இருக்குற நைலான் வலை வாங்குங்க, ஒரு மீட்டர் போதும், வளைச்ச கம்பி மேல போட்டு ஓரத்த செங்கல் வச்சு அமுக்கிருங்க. அணிலும் உள்ள வராது. மஞ்ச ஒட்டும் அட்டை ஒன்னு உள்ள தொங்க விடுங்க. மிளகா நாத்துல இலை மேல் பக்கமா படகு மாதிரி சுருண்டா இலைப்பேன், கீழ் பக்கமா கவுந்து சுருண்டா சிலந்திப்பேன், ரெண்டுக்கும் ஆரம்பத்துலயே வேப்பெண்ணெய் லிட்டருக்கு 3 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேத்து சாயங்காலம் இலைக்கு அடில படுற மாதிரி அடிங்க. வெயில்ல அடிச்சா இலை பொசுங்கும்.

கடைல நாத்து வாங்குறவங்களுக்கும் ஒரு வார்த்தை. உசரமா இருக்குறத எடுக்காதீங்க, பூ வச்சிருக்குறத சுத்தமா எடுக்காதீங்க, அது இடம் பத்தாம தவிச்சு அவசரத்துல பூத்தது. ஒரு சாண் கூட வேண்டாம், பென்சில்ல பாதி கனம் தண்டு, நாலஞ்சு நிஜ இலை, அடி இலை உதிராம இருக்கணும். இலைய திருப்பிப் பாருங்க, லேசா தட்டிப் பாருங்க வெள்ளையா ஏதாவது பறக்குதான்னு. ஒன்ன ட்ரேல இருந்து உருவிக் காட்டச் சொல்லுங்க, வேர் வெள்ளையா பீட்ட பிடிச்சிக்கிட்டு கட்டியா வரணும், பழுப்பா சுத்தி சுத்தி பந்தா இருந்தா அது நாள்பட்டது.

நடுறதுக்கு ஒரு வாரம் முன்னாடி வெயில் பழக்கணும். முதல் நாள் வழக்கத்த விட ஒரு மணி நேரம் அதிகமா வெயில், அப்படியே ஏத்திக்கிட்டே போய் கடைசி ரெண்டு நாள் பகல் முழுக்க வெளில. தண்ணியும் கொஞ்சம் கொறைங்க, வாட விடணும்னு இல்ல, லேசா தலை தொங்கப் போகுதுங்கற நேரத்துல குடுக்கணும். தண்டு அடில லேசா ஊதா கலர் ஏறும், இலை கொஞ்சம் மொரமொரப்பா ஆகும், பயப்படாதீங்க, அதான் வேணும். நிழல்லயே வளந்தத நேரா மாடி வெயில்ல நட்டா மூணு மணிக்குள்ள இலை வெள்ளையா வெந்து போயிரும்.

நடுறது சாயங்காலம் 4 மணிக்கு மேல. ட்ரேய அரை மணி நேரம் சூடோமோனாஸ் கரைசல்ல, லிட்டருக்கு 5 கிராம், அடி நனையுற மாதிரி வச்சிட்டு அப்பறம் குழிய கீழ இருந்து அமுக்கி உருவுங்க. தண்ட பிடிச்சு இழுக்காதீங்க, பிடிக்கணும்னா இலைய பிடிங்க, ஒரு இலை போனா இன்னொன்னு வரும், தண்டு நசுங்குனா செடியே போச்சு. தக்காளிய அடி இலை ரெண்ட கிள்ளிட்டு அது வரைக்கும் ஆழமா புதைக்கலாம், மண்ணுக்குள்ள போன தண்டு முழுக்க வேர் விடும், கொஞ்சம் நீண்டு போன நாத்தக் கூட இப்படி நட்டு காப்பாத்தியிருக்கேன். மிளகாவ அப்படி புதைக்காதீங்க, அது தண்டுல அவ்வளவு வேர் விடாது, ட்ரேல எந்த மட்டத்துல இருந்துச்சோ அதே மட்டம். 15க்கு 12 இஞ்ச் செடிப் பைல ஒரு செடிதான், மனசு கேக்கலன்னு ரெண்டு நடாதீங்க. முதல் மூணு நாள் மத்தியானம் மட்டும் ஒரு பழைய வெள்ளைத் துணியோ தென்னங்கீத்தோ மேல நிழலுக்கு சாச்சு வைங்க.

பத்து செடி வேணும்னா பதினஞ்சு நாத்து விடுங்க. நட்டதுக்கு அப்பறம் மீதி அஞ்ச தூக்கிப் போடாம கப்புலயே இன்னும் பத்து நாள் வச்சிருங்க, ஏதாவது ஒன்னு ரெண்டு போச்சுன்னா அந்த இடத்துல சாயங்காலமே வச்சிரலாம். ஒன்னும் போகலன்னா எதிர் வீட்டுல கேட்டுப் பாருங்க, போன தை மாசம் நான் குடுத்த ரெண்டு மிளகா நாத்து அங்க எங்க வீட்ட விட நல்லா காய்ச்சு நிக்குது.